மாலக்கி புகழ்ந்த குதிரை

அயர்லாந்தில் ரோஸ்காமன் பக்கத்தில் ஒருவன் தன் குதிரையைப் புகழ்ந்து பேசினால், கேட்பவர்கள் முதலில் குனிந்து அதன் கால்களைப் பார்ப்பார்கள். பிறகு கண்ணைப் பார்ப்பார்கள். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நல்ல குதிரையை அங்கே யாரும் வாயால் விற்பதில்லை. "ஏதோ நடக்குது" என்பார்கள். "மனசு வந்தா கொஞ்சம் தாண்டும்" என்பார்கள். வேலியையும் தாண்டும், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் டிராக்டரையும் தாண்டும் என்று அதற்குப் பொருள். பல வருஷத்துக்கு முன்பு பாலிமோர்னா கண்காட்சியில் ஒருவன் தன் குதிரையை "அருமையான குதிரை" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். குதிரை உண்மையிலேயே அருமையானதுதான். அவன் சாகும்வரை அவனிடம் ஒருவரும் ஒரு கோழிகூட வாங்கவில்லை.

இதெல்லாம் நன்றாகத் தெரிந்துதான் மாலக்கி டான்சி, ஆகஸ்ட் மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, அதே பாலிமோர்னா கண்காட்சித் திடலின் வேலியோரம் நின்றுகொண்டு, தன் பெண்குதிரையைப் புகழ்ந்து தள்ளுவது என்று முடிவு செய்தார். அதை விற்காமல் காப்பாற்ற அவருக்கு வேறு வழி தோன்றவில்லை.

குதிரையின் பெயர் பிஷப். அது பிறந்த அன்று பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் என்னும் சடங்கு செய்துவைக்க ஊருக்கு பிஷப் வந்திருந்தார். குட்டியும் எழுந்து நின்ற முதல் மணி நேரத்திலேயே சுற்றியிருந்தவர்களை எல்லாம் ஓரம்போக வைத்துவிட்டது. பெண்குதிரைக்கு அப்படியொரு பெயர் வைக்கலாமா என்று பங்குச்சாமியார் கேட்டார். குதிரையை நேரில் பார்த்த பிறகு கேட்கவில்லை.

செம்பழுப்பு நிறம், நெற்றியில் கோணல்மாணலாக ஒரு வெள்ளை. எட்டு வயது. கால்நடை மருத்துவரை இரண்டு முறை கடித்திருந்தது. லாடம் அடிப்பவர் வருவதற்கு முந்தின நாள் தேவாலயத்தில் பூசை கண்டுவிட்டு வருவதாகச் சொல்லிக்கொண்டார்கள். மார்ச் மாதம் ஒரு வாளியைக் கண்டு மிரண்டு மாலக்கியையே முற்றத்தில் தள்ளி மிதித்ததில் அவருக்கு இரண்டு விலா எலும்பு போனது. அதில் குதிரையின் தப்பு ஒன்றுமில்லை என்பது மாலக்கியின் கட்சி. வாளி புதிது.

மாலக்கிக்கு வயது ஐம்பத்தெட்டு. அண்ணன் ஜார்லத்துக்கு அறுபத்துநாலு. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒரே வீடு, ஒரே மேசை, நாற்பது ஏக்கர். அதில் பத்து ஏக்கரில் வாத்துதான் வளர்க்க முடியும். குதிரை இருவர் பெயரிலும் இருந்தது. மாலக்கி கீழே விழுந்து பத்து நாள் கழித்து, ஜார்லத் சமையலறையில் உட்கார்ந்து ஹாலந்தில் உள்ள ஒரு குதிரை வியாபாரிக்குக் கடிதம் எழுதினார். மாட்டுக்கொட்டகையின் கூரை ஓட்டையாகிக் கிடந்தது. அதற்காகத்தான் விற்கப் பார்க்கிறார் என்று மாலக்கி நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை. நாற்பது வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் கேட்டுக்கொள்ள என்ன இருக்கிறது.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் விற்பனை நின்றுவிடும். ஆனால் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் அந்தக் குதிரையின் முகத்தைப் பார்க்காவிட்டால் அன்றைக்கு எனக்குப் பொழுதே விடியாது என்று சொல்ல வேண்டும். வளர்ந்த ஆண்பிள்ளை சமையலறை நடுவில் நின்றுகொண்டு அப்படி ஒன்றைச் சொல்வதை விடச் செத்துப்போகலாம் என்று ஊரில் கேட்டால் பாதிப்பேர் சொல்வார்கள். மீதிப்பேர் பதில் சொல்லாமல் பேச்சை வானிலைக்கு மாற்றிவிடுவார்கள்.

ஹாலந்துக்காரர் பெயர் ரூலோஃப். நெடுநெடுவென்று உயரம், சேற்றில் நின்றும் சேறு ஒட்டாத காலணி, கையில் ஒரு நோட்டுப்புத்தகம். பதினோரு நாளாக அயர்லாந்து முழுக்கக் குதிரை தேடி அலைந்திருந்தார். போன இடத்தில் எல்லாம் சொந்தக்காரனே வந்து, என் குதிரை ஒன்றுக்கும் உதவாது என்று சொல்லக் கேட்டுக் கேட்டு மனிதர் நொந்துபோயிருந்தார். எழுதுவதற்கு ஒன்றும் இல்லாமல் நோட்டின் முக்கால்வாசி காலியாக இருந்தது. இது மாலக்கிக்குத் தெரியாது.

குதிரைகள் தடை தாண்டும் போட்டி தொடங்கக் கால் மணி நேரம் இருந்தது. மழை தூறலாக விழுந்துகொண்டிருந்தது. அதாவது நல்ல வானிலை. மாலக்கி தொண்டையைச் செருமிக்கொண்டு ஹாலந்துக்காரர் பக்கத்தில் போய் நின்றார்.

"எங்க குதிரையப் பாக்கத்தான வந்திருக்கீங்க. அயர்லாந்து முழுக்கத் தேடினாலும் அவள மாதிரி ஒண்ணு கிடைக்காதுங்க."

சொல்லிவிட்டு, அவர் கிளம்பிப் போவதற்காகக் காத்திருந்தார். ரூலோஃப் நோட்டைத் திறந்தார்.

போதவில்லை போலிருக்கிறது என்று மாலக்கி இன்னும் கொஞ்சம் ஏற்றினார். ஒரு தடையைக் கண்டு ஒரு நாளும் அவள் நின்றதில்லை என்றார். கம்பத்தை உயர்த்த உயர்த்த அவளுக்குச் சந்தோஷம் கூடும், காது இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு போவாள், தாழ்வாக வைத்தால் அவமானப்படுத்திவிட்டதாக நினைத்துத் தட்டிவிட்டுப் போவாள் என்றார். மனிதர் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். பயம் என்றால் என்னவென்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க மறந்துபோய்க் கடவுள் அனுப்பிவிட்டார் என்றார்.

"காலையில நான் சமையக்கட்டுக் கதவத் தொறக்கறதுக்குள்ள அங்கேருந்து கூப்பிடுவா. ஜார்லத் தொறந்தா கூப்பிட மாட்டா. காலடியிலயே தெரிஞ்சிடும் அவளுக்கு. குளிர் நாள்ல பக்கத்துல போய் நின்னா கழுத்த எம்மேல சாச்சுக்குவா. எவ்வளவு நேரம் வேணாலும் நிக்கலாம். அதமாதிரி ஒரு..."

அதற்கு மேல் வரவில்லை. பொய் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தார்; தேடிப் பார்த்தால் பொய்யாக ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை. மதியம் சாப்பிட்ட பன்றியிறைச்சி சாண்ட்விச் சரியாக இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். வேலியில் சாய்ந்து நின்ற பக்கத்து ஊர்க் கிழவர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் மரியாதையாக நாலடி தள்ளிப்போய் நின்றார்.

பிஷப்பை ஓட்டுபவள் ஓர்லா, ஊர்த் தபால்காரி. முப்பத்துநாலு வயது, ஒல்லி. விடியற்காலையில் குதிரை, எட்டு மணிக்கு மேல் தபால். நாய் உள்ள வீடுகளுக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தபால் கொடுத்து வருவதால் எதற்கும் பதறமாட்டாள். பிஷப்பை ஓட்ட வேறு மூன்று பேர் முயன்று, மூவரும் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். ஓர்லாவிடம் மட்டும் குதிரை ஓர் உடன்படிக்கைக்கு வந்திருந்தது: எங்கே போவது என்று ஓர்லா சொல்லலாம், எப்படிப் போவது என்று பிஷப் சொல்லும்.

உதாரணமாக, பிஷப் எந்தத் திடலுக்குள்ளும் முன்பக்கமாக நுழையாது. வாசல்வரை வரும், நிற்கும், திடலையே முதல்முறையாகப் பார்ப்பதுபோல் மூக்கை விடைக்கும், பிறகு ஒரு சுற்றுத் திரும்பிப் பின்பக்கமாக நடந்து உள்ளே போகும். ஓர்லா சேணத்தில் உட்கார்ந்தபடி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டே, வாசலில் நிற்பவர்களுக்குத் தலையசைத்துவிட்டுப் பின்னோக்கிப் போவாள். பேருந்தின் பின்கண்ணாடி வழியே விடைபெற்று ஊருக்குப் போகிற ஆள் மாதிரி இருக்கும். உள்ளூர்க்காரர்கள் யாரும் இதற்குச் சிரிப்பதில்லை. ஒலிபெருக்கிக்காரர்கூட, "பிஷப் உள்ளே வந்துகொண்டிருக்கிறது, பின்பகுதி ஏற்கெனவே வந்துவிட்டது" என்று சாதாரணமாக அறிவித்தார்.

முதல் சுற்றில் பன்னிரண்டு தடைகள். ஒரு கம்பம் விழுந்தால் நாலு தப்புப் புள்ளி. பிஷப் ஒன்றையும் தொடவில்லை. பாதிக் குதிரைகள் முகம் சுளித்த தண்ணீர்த் தொட்டியை அது ஒன்றரைத் தொட்டி அகலத்துக்குத் தாண்டியது. முடித்துவிட்டுப் போகிற போக்கில் வாசலில் வைத்திருந்த பூந்தொட்டியிலிருந்து ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு போனது.

ரூலோஃப் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். முகம் தெளிந்திருந்தது.

"மிஸ்டர் டான்சி, நீங்க சொன்னது எல்லாமே சரியா இருக்கு. ரொம்ப நன்றி. இந்த நாட்டுல எனக்கு உண்மையச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

நான் சொன்னதை நம்பிவிட்டீர்களா என்று மாலக்கி மெதுவாகக் கேட்டார். நம்பாமல் வேறு என்ன செய்வது என்று ஹாலந்துக்காரர் கேட்டார். குதிரையை வளர்த்தவருக்குத் தெரியாதா. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது மழைக்குக் கத்தியது, இவர் தூறலுக்கே கத்திவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஜார்லத் தேநீர்க் கூடாரத்திலிருந்து வந்து சேர்ந்தார். வந்தவர் முறைப்படி வேலையைத் தொடங்கினார். குதிரைக்கு முதுகு கொஞ்சம் நீளம் என்றார். குணம் கெட்டது என்றார். முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும், நடுவில் போனால் எதைச் செய்வது என்று யோசிக்கும் என்றார். இப்போது தாண்டியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், திடல் சரிவாக இருப்பதால் அப்படித் தெரிகிறது என்றார். ரூலோஃப் புதிய பக்கம் திருப்பி, அதையும் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார்.

பக்கத்து ஊர்க் கிழவர் இதற்குள் ஜார்லத்தின் காதில் எதையோ போட்டிருந்தார். ஜார்லத் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒடம்பு கிடம்பு சரியில்லையா ஒனக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அந்தாளுகிட்ட எதையோ சொன்னியாமே."

"வானிலையப் பத்திப் பேசிட்டிருந்தோம்."

ஜார்லத் தம்பியின் நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொட்டுப் பார்க்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. தொடவில்லை.

தப்பில்லாமல் முடித்த குதிரைகள் நாலு. அந்த நாலும் மறுபடியும் தாண்ட வேண்டும். இந்த முறை ஆறே தடைகள், கம்பங்கள் இன்னும் உயரத்தில், கடிகாரம் ஓடும். விழாமல் சீக்கிரம் முடிப்பவருக்குக் கோப்பை. முதலில் போன இரண்டும் ஆளுக்கொரு கம்பத்தைத் தள்ளின. மூன்றாவதாக மீத் மாவட்டத்துப் பெரிய லாயம் ஒன்றிலிருந்து வந்த சாம்பல்நிறக் குதிரை, சலவைக்குப் போட்டு எடுத்தது போன்ற சவாரிக்காரரோடு, முப்பத்தாறு வினாடியில் சுத்தமாக முடித்தது. கூட்டம் மரியாதையாகக் கைதட்டியது. கடைசிக் குதிரை பிஷப்.

மாலக்கி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மனதுக்குள் மாதாவிடம் விண்ணப்பம் போட்டார். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஓர்லாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. குதிரைக்கு ஒரு கீறல் படக் கூடாது. ஒரே ஒரு கம்பம் விழுந்தால் போதும். ஒன்று விழுந்தால் கோப்பை போகும், கோப்பை போனால் ஹாலந்துக்காரர் ஜார்லத் சொன்ன பக்கத்தைப் புரட்டுவார். பன்னிரண்டு அடி நீளக் கம்பம் ஒன்று, அவ்வளவுதான். மாதாவுக்கு இது எம்மாத்திரம்.

பிஷப் பின்பக்கமாக உள்ளே வந்தது. மணி அடித்தது. மணிச்சத்தம் அதற்குப் பிடிக்காது. பின்கால் இரண்டில் எழுந்து நின்று, அப்படியே திரும்பி, முன்கால்களைக் கீழே வைத்தபோது முதல் தடைக்கு நேராக இருந்தது. ஓர்லா இதற்காகவே காத்திருந்தவள்போல் கையைத் தளர்த்தினாள்.

குதிரை தாண்டுவதை வேலியோரம் நின்று பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண்ணால் பார்ப்பது பாதிதான். மண்ணில் குளம்பு விழும் சத்தம் ஒரே தாளத்தில் நெஞ்சுக்குள் வந்துகொண்டே இருக்கும். தடை நெருங்க நெருங்கத் தாளம் இறுகும். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு சத்தம் சட்டென்று நின்றுவிடும். அரை டன் எடை தரையில் இல்லை. அந்த இடைவெளியில் யாரும் மூச்சு விடுவதில்லை, குழந்தைகள்கூட அழுவதில்லை. திரும்பவும் குளம்பு மண்ணில் விழுகிற சத்தம் கேட்டபிறகுதான் ஆயிரம் பேருக்கும் உயிர் வரும்.

முதல் தடை போனது. இரண்டாவது அகலமான தடை. முன்னால் ஒரு கம்பம், பின்னால் உயரமாக இன்னொன்று. பிஷப் முழங்காலைத் தாடைவரை மடக்கிக்கொண்டு போனது. மாலக்கியின் குதிகால் தரையிலிருந்து எழும்பியது. அவர் அதைக் கவனித்துக் கீழே இறக்கினார்.

மூன்றாவது, செங்கல் மாதிரி வர்ணமடித்த மரச்சுவர். மற்ற மூவரும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு சுவருக்கு வந்தார்கள். ஓர்லா சுற்றவில்லை. தொட்டிக்கு உள்பக்கமாக, ஒரு மாட்டுவண்டி திரும்ப முடியாத இடத்தில் குதிரையைத் திருப்பினாள். கூட்டத்திலிருந்து ஒரே ஒரு மூச்சுச் சத்தம். சுவர் திடீரென்று மூக்குக்கு முன்னால் நின்றது. நாலு பாய்ச்சலில் போகலாம் என்று ஓர்லா கடிவாளத்தால் சொன்னாள். மூன்றே போதும் என்றது பிஷப். இதில் பேச்சுவார்த்தைக்கு நேரமில்லை. மூன்று பாய்ச்சலில் அது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஓர்லாவின் தொப்பிப்பட்டை அறுந்து காற்றில் ஆடியது.

நாலாவது தடை எப்படிப் போனது என்று மாலக்கிக்குத் தெரியாது. அவர் ஹாலந்துக்காரரைப் பார்த்தார். ரூலோஃப் எழுதுவதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி நின்றிருந்தார்.

ஐந்தாவது உயரமான நேர்த்தடை. பிஷப் வேகமாக வந்தது, அதிக வேகமாக வந்தது. மேலே போனது. முன்கால் போனது, வயிறு போனது, பின்கால் குளம்பின் நுனி மேல்கம்பத்தைத் தட்டியது. டக் என்று ஒரு சத்தம். கம்பம் தான் உட்கார்ந்திருந்த இரும்புக் கிண்ணத்திலிருந்து எழும்பி, விளிம்பில் உருண்டு, விழலாமா வேண்டாமா என்று ஆடியது.

மாலக்கி கேட்ட கம்பம். மாதா மறுபேச்சுப் பேசாமல் அனுப்பிவைத்த கம்பம்.

"விழாத," என்றார் மாலக்கி. வாய்விட்டே சொன்னார். "விழாத, விழாத. ஒக்காரு. அப்படியே ஒக்காந்துக்க."

தொப்பியை இரண்டு கையாலும் பிழிந்தார். இருபது அடி தூரத்தில் இருந்த மரக்கட்டை ஒன்றிடம் இவ்வளவு உருக்கமாக அந்த வட்டாரத்தில் யாரும் பேசியதில்லை. கம்பம் ஒருமுறை முன்னால் சாய்ந்தது, பின்னால் சாய்ந்தது, பழையபடி கிண்ணத்தில் உட்கார்ந்தது.

கடைசித் தடைக்கு வரும்போது ஓர்லா ஒன்றும் செய்யவில்லை. செய்ய ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தடைக்கு இன்னும் ஒரு முழுப் பாய்ச்சல் தூரம் இருக்கும்போதே, எந்தக் குதிரையும் கிளம்பக் கூடாத இடத்திலிருந்து, பிஷப் கிளம்பிவிட்டது. சத்தம் நின்றது. காது இரண்டும் முன்னால். நெற்றியில் கோணல் வெள்ளை. தடைக்கு மேலே நிறைய இடம் மிச்சம் வைத்துக்கொண்டு, இறங்குவதற்கு அவசரமில்லாததுபோல் அது மேலேயே இருந்தது. மாலக்கி, யாருக்கு எது நடந்தால் நல்லது என்பதையெல்லாம் மறந்து, ஐம்பத்தெட்டு வயதில், அடிபட்ட விலா எலும்போடு, வேலியின் இரண்டாம் கட்டையில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார். என்ன கத்தினார் என்று பிறகு யாரும் அவரிடம் சொல்லவில்லை. அது அவர்களுடைய பெருந்தன்மை.

முப்பத்துநாலு வினாடி. ஒலிபெருக்கிக்காரர் நேரத்தைச் சொல்ல மறந்துவிட்டுக் குதிரையின் பெயரையே மூன்று முறை சொன்னார். மாலக்கி வேலியிலிருந்து இறங்கினார். இறங்கிய பிறகுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. அழுதார். மழை பெய்துகொண்டிருந்ததால் யாருக்கும் சங்கடமில்லை.

வண்டிகள் நிற்கும் வயலில் விலை பேச்சு நடந்தது. கால்நடை மருத்துவர் வந்து கால்களைத் தடவிப் பார்த்து, மூன்றாவது கடியை வாங்கிக்கொண்டு, உடம்பில் ஒரு குறையுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஓர்லா குதிரைமேல் கம்பளி போர்த்தி நடக்க வைத்துக்கொண்டிருந்தாள். ரூலோஃப் ஒரு தொகை சொன்னார். ஜார்லத் தன் காலணியைப் பார்த்தார். அது இரண்டு கொட்டகைக்குக் கூரை போட்டு, மீதியில் ஒரு சின்ன தேவாலயத்துக்கும் போடக்கூடிய தொகை.

"பத்து நிமிஷமா ரெண்டு பக்கத்தையும் படிச்சுப் பாத்தேன். ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரே குதிரைதானான்னு சந்தேகம் வந்துச்சு," என்றார் ரூலோஃப். "தாண்டற குதிரை வாரத்துக்கு நூறு பாக்கறேன். ஒரு மனுஷன் அந்த மாதிரி பேசின குதிரையப் பாத்ததில்ல. அதனால வாங்கறேன்."

பிறகு உள்ளங்கையை நீட்டினார். கையில் கை அடித்தால்தான் பேரம் முடிந்தது என்று இந்தப் பதினோரு நாளில் கற்றுக்கொண்டிருந்தார். இரண்டு சொந்தக்காரர்கள், இரண்டு அடி. ஜார்லத் கையைத் தூக்கினார்.

"எனக்கு அவ வேணும்," என்றார் மாலக்கி.

ஓர்லாவுக்குத் திடீரென்று குதிரையின் அந்தப் பக்கத்தில் ஒரு வாரைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. மருத்துவர் கடிபட்ட கையை ஆர்வமாகப் பார்க்க ஆரம்பித்தார். ஜார்லத்தின் கை தூக்கியபடியே நின்றது.

"எதுக்கு?" என்றார்.

"சும்மாத்தான். காலையில இருக்கணும்."

ஜார்லத் கையை இறக்கினார். தம்பியைப் பார்க்காமல், வயலின் கோடியில் சேற்றில் மாட்டிக்கொண்ட ஒரு காரைப் பார்த்துக்கொண்டு பேசினார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"மார்ச்ல நீ அதுக்குக் கீழ கெடந்தப்ப நான் ஜன்னல்கிட்ட நின்னுட்டிருந்தேன். நீ அசையல. கதவு வரைக்கும் வர எனக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியல. காலே வரல. நீ போயிட்டேன்னுதான் நெனச்சேன்."

ஜார்லத் இன்னும் அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூரைக்காக விக்கறேன்னு நெனச்சிருப்ப. கூரை எக்கேடும் கெட்டுப் போகட்டும். அந்த வீட்டுல தனியா ஒக்காந்து என்னால சோறு திங்க முடியாது, மாலக்கி. அவ்வளவுதான் விஷயம். வெச்சுக்கணும்னா வெச்சுக்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மாலக்கிக்கு அந்த நாள் நினைவிருந்தது. ஜார்லத் வந்து தூக்கி உட்கார வைத்தார், காலைச் சாப்பாடு ஆறிப்போகிறது என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனுக்குச் சட்டைப் பொத்தான் தப்புத்தப்பாகப் போட்டிருந்தது என்று மட்டும் அன்றைக்கு மாலக்கி கவனித்தார். அவசரமாக வந்திருப்பார் என்று நினைத்தார். பொத்தான் போட்டபடிதான் அவர் ஜன்னலருகில் நின்றிருந்தார், கை நடுங்கிப்போய் எதை எதிலோ மாட்டியிருக்கிறார் என்பது இந்த ஆகஸ்ட் மாதம் வயலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் புரிந்தது.

பிஷப் ஓர்லாவின் சட்டைக் கையைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. உடம்பிலிருந்து ஆவி எழும்பியது. இன்னும் நூறு தடை வைத்தாலும் தாண்டத் தயாராக நின்றது. மாலக்கி அதைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்றால், கையை நீட்டியபடி நனைந்துகொண்டிருந்த ரூலோஃப், நான் காத்திருக்க வேண்டுமா அல்லது கையை இறக்கலாமா என்று பணிவாகக் கேட்டார்.

மாலக்கி திரும்பி அந்தக் கையில் ஓங்கி அடித்தார். அடி பலமாக விழுந்தது. ஹாலந்துக்காரர் முகம் சுருங்கியது. ஜார்லத் ஒன்றும் புரியாமல் தம்பியைப் பார்த்தார். நீயும் அடி என்று மாலக்கி சொன்னார். ஜார்லத் மெதுவாக, தொட்டதும் தொடாததுமாக அடித்தார்.

ரூலோஃபின் வண்டி அன்று மாலைக் கப்பலுக்கே கிளம்பியது. பிஷப்பை வண்டியில் ஏற்ற வேறு யாராலும் முடியாது என்பதால் மாலக்கியே பிடித்துப் போனார், பின்பக்கமாக. உள்ளே கழுத்தோடு கழுத்தாகக் கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்து, காலையில் கதவைத் திறக்கும்போது ஏதாவது பேசிக்கொண்டே போக வேண்டும், சும்மா போனால் அவளுக்குப் பிடிக்காது என்று சொன்னார். ரூலோஃப் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டு, எந்த மொழியில் பேச வேண்டும் என்று கேட்டார். மாலக்கி யோசித்துப் பார்த்தார். அது உங்கள் விருப்பம் என்றார்.

அண்ணனும் தம்பியும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். காருக்குப் பின்னால் குதிரை ஏற்றும் இழுவைவண்டி காலியாகத் தடதடத்துக்கொண்டு வந்தது. ஜார்லத் ஓட்டினார். கோப்பை மாலக்கியின் மடியில் இருந்தது. உள்ளே ஓர்லா கொடுத்த கேக் துண்டு. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் ஜார்லத் வேகத்தைக் குறைத்தார். பின்னால் நிற்கிற உயிருக்கு ஆட்டம் தெரியாமல், நடை வேகத்தில் திருப்பினார்.

"பின்னால ஒண்ணும் இல்ல ஜார்லத்," என்றார் மாலக்கி. "வேகமாப் போலாம்."

"தெரியும்," என்றார் ஜார்லத்.

அடுத்த வளைவு வந்தது. வேகத்தைக் குறைத்தார்.